அபிநயாவிடமிருந்து திரும்பப் பெற வேண்டிய சைகைகள்

பெரம்பலூர் மாவட்டத்துக் கைக்குழந்தைகள் பேச முடியாமல் அவதிப்படுகிறார்கள் என்பதை முதன்முதலில் கண்டுபிடித்தவர் முனைவர் அறிவழகன். அதுவரை அந்தக் குழந்தைகள் பசித்தால் அழுதும், வயிறு நிறைந்தால் சிரித்தும் எப்படியோ காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தன.

அறிவழகன் முனைவர் பட்டம் வாங்கியது பருத்திக் காய்ப்புழுவைப் பற்றி. ஆனால் 2004-இல் ஏதோ ஒரு மாநாட்டுக்காக வெளிநாடு போனவர், அங்கே ஒரு விருந்தில், உயரமான நாற்காலியில் பெல்ட் போட்டு உட்கார்த்தி வைக்கப்பட்டிருந்த குழந்தை ஒன்று கையை ஆட்டிப் பால் கேட்பதைப் பார்த்துவிட்டார். ஊர் திரும்பியதும் தடிமனாக ஓர் அறிக்கை எழுதினார். அதைப் படிப்பதைவிட ஏற்றுக்கொள்வது சுலபம் என்று மேலே இருந்தவர்கள் நினைத்திருக்க வேண்டும். 'மழலை முன்மொழி இயக்ககம்' பிறந்தது. பெரம்பலூரில் அதற்கு ஓர் அலுவலகமும் ஒரு ஜீப்பும் கிடைத்தன. அறிவழகன் இயக்குநர் ஆனார்.

வெளிநாட்டுச் சைகைகளை அப்படியே இறக்குமதி செய்வது நம் பண்பாட்டுக்கு ஆகாது என்பதால் சைகை வடிவமைப்புக் குழு அமைக்கப்பட்டது. மேடைப் பேச்சில் பெயர் எடுத்தவர்களாகப் பார்த்து அதில் சேர்த்தார்கள். வாய் பேசாதவர்கள் யாரையும் கூப்பிடவில்லை. அவர்கள் கூட்டத்தில் என்ன பேசப் போகிறார்கள் என்று இயக்குநர் கேட்டார். வெளிநாட்டில் பாலுக்குக் கையை மூடி மூடித் திறந்தார்கள். அது மாடு கறப்பதுபோல் இருக்கிறது, தாய்மையை இழிவுபடுத்துகிறது என்று ஓர் உறுப்பினர் எழுந்து வெளிநடப்புச் செய்தார். அவரைச் சமாதானப்படுத்தி உட்கார வைத்து, இடது தோளை வலது கையால் தொட்டால் பால் என்று முடிவு செய்தார்கள். ஏன் தோள் என்று யாரும் கேட்கவில்லை. சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. எதிர்ப்பே இல்லாமல் ஒரே மூச்சில் நிறைவேறிய சைகை 'அதிகாரி' ஒன்றுதான். வலது கையை நெற்றிக்குக் கொண்டுபோய்த் தலையைச் சற்றுத் தாழ்த்த வேண்டும். பாடத்திட்டத்தில் அதுவே முதல் பாடம். 'அம்மா' பின்னால் வந்தாள்.

ஆலத்தியூருக்குப் பக்கத்தில், சுண்ணாம்புக்கல் வெட்டும் பள்ளத்தை ஒட்டினாற்போல இருந்த தெருவில் செங்கமலம் குடியிருந்தாள். புருஷன் பழனிவேல் கல் ஏற்றும் டிப்பர் லாரி ஓட்டினான். கல்யாணமாகி ரொம்ப நாள் கழித்துப் பிறந்த பெண் குழந்தைக்கு அபிநயா என்று பெயர் வைத்திருந்தார்கள். குழந்தை தவழத் தொடங்கிய சமயத்தில், இயக்ககத்தின் பயிற்றுநர் ஜெயசித்ரா சைக்கிளில் வந்து வாசலில் இறங்கினாள். பிளஸ் டூ முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்த பெண்.

"அக்கா, பாப்பாவுக்கு எத்தன மாசம்?"

"ஏழு முடியப்போவுது. ஏன், தடுப்பூசியா?"

"இல்லக்கா. பேச்சு வர்றதுக்கு முன்னாடியே கொழந்தைங்களுக்குப் பேசக் கத்துக்குடுக்குறோம்."

"பேச்சுதான் தானா வந்துருமே?"

"வந்துரும்க்கா. அதுக்குள்ள கத்துக்குடுத்துடணும்."

"எத?"

"கையால பேசுறத."

செங்கமலம் குழந்தையின் கையைத் தூக்கிப் பார்த்தாள். "வாய் வந்ததுக்கு அப்புறம் அந்தக் கைய என்ன பண்ணுறது?"

இந்தக் கேள்விக்குப் பயிற்சி முகாமில் பதில் சொல்லித்தரவில்லை. ஜெயசித்ரா குழந்தையைப் பார்த்துச் சிரித்தாள். குழந்தையும் சிரித்தது. பெயர் சேர்க்கப்பட்டது.

வாரம் தவறாமல் வகுப்பு நடந்தது. தெருவிலிருந்த கைக்குழந்தைகளையெல்லாம் சத்துணவுக்கூடத்தில் ஒரு ஜமுக்காளத்தின்மேல் விட்டு, ஜெயசித்ரா நடுவில் உட்கார்ந்து நெற்றியில் கைவைத்துத் தலையைத் தாழ்த்திக்கொண்டே இருப்பாள். குழந்தைகள் ஜமுக்காளத்தின் ஓரத்தைச் சப்பும். அபிநயா மட்டும் கண்ணை எடுக்காமல் ஜெயசித்ராவின் கையையே பார்ப்பாள். மற்ற குழந்தைகள் 'அதிகாரி'யிலேயே தடுமாறிக்கொண்டிருந்தபோது அவள் பால், போதும், நன்றி, இன்னும் என்று போய்க்கொண்டே இருந்தாள்.

இயக்ககத்துக்கு எதிர்பாராத இடத்திலிருந்து ஒரு சிக்கல் வந்தது. குழந்தைகள் பேசத் தொடங்கின.

பக்கத்து வீட்டு அஜித்குமார் முதல் ஆய்வின்போதே மாட்டிக்கொண்டான். ஜீப்பிலிருந்து இறங்கிய இயக்குநரைப் பார்த்து அவன் நெற்றியில் கைவைக்க வேண்டும். அவன் கையைத் தூக்கினான், அவர் கண்ணாடியைப் பிடுங்கினான், "மாமா" என்றான். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். இயக்குநர் சிரிக்கவில்லை.

"இது என்ன?" என்று ஜெயசித்ராவிடம் கேட்டார்.

"பேசிட்டான் சார்."

"அது தெரியுது. பாடம் முடிஞ்சுதா?"

"இன்னும் இல்ல சார்."

"அப்ப எப்படிப் பேசலாம்?"

மறுவாரமே சுற்றறிக்கை வந்தது. பாடத்திட்டம் முடிவதற்குள் பேசிவிடும் குழந்தைகள் 'இடைநின்றவர்கள்' ஆவார்கள். இடைநிற்றல் கூடினால் பயிற்றுநர் பதில் சொல்ல வேண்டும். எனவே தாய்மார்கள் குழந்தையிடம் தேவையில்லாமல் பேச்சுக் கொடுப்பதைத் தவிர்க்க வேண்டும். செல்வம்மாள் என்ற ஒருத்தி, தன் மகன் "அத்தை" என்று சொன்னதைக் கேட்ட சந்தோஷத்தில் தெருவெல்லாம் சொல்லிவிட்டு, அப்புறம் பயந்துபோய், பிள்ளை சொன்னது அத்தை இல்லை, ஏப்பம் என்று சாதித்தாள். ஆய்வு நாட்களில் தாய்மார்கள் பிள்ளைகள் வாயில் பிஸ்கட்டை அடைத்துக்கொண்டு நின்றார்கள்.

செங்கமலத்துக்கு பிஸ்கட் தேவைப்படவில்லை. அவள் மகள் பேசவே இல்லை.

"அபிநயாவைப் பாருங்கள்" என்று இயக்குநர் ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்ல ஆரம்பித்தார். "என்ன கட்டுப்பாடு! என்ன பொறுமை! ஒரு சொல், ஒரே ஒரு சொல் பேசியிருப்பாளா இந்தக் குழந்தை? மற்ற தாய்மார்கள் வெட்கப்பட வேண்டும்!" அவளுடைய படம் போட்ட விளம்பரப் பலகை பெரம்பலூர் பேருந்து நிலையத்தில் ஏறியது. பழனிவேல் லோடு இறக்கப் போகும்போதெல்லாம் வண்டியை ஓரங்கட்டிவிட்டு அந்தப் பலகையைப் பார்த்துவிட்டு வருவான்.

பள்ளத்தில் மத்தியானம் வெடி போடுவார்கள். சங்கு ஊதும், அப்புறம் நிலம் ஒருமுறை குலுங்கும், அலமாரியில் இருக்கும் தட்டுகள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும், தெருவிலுள்ள தூளிகளில் எல்லாம் பிள்ளைகள் வீரிட்டு அழும். அபிநயா தூங்கிக்கொண்டிருப்பாள். முதலில் செங்கமலம் அதைப் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒருநாள் சமையல்கட்டில் குக்கர் வெடித்து மூடி கூரையில் அடித்தது. செங்கமலம் அலறிக்கொண்டு ஓடிவந்தபோது, முதுகைக் காட்டி உட்கார்ந்து ஒரு டப்பாவைத் திறந்து மூடி விளையாடிக்கொண்டிருந்த குழந்தை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஜெயசித்ராவிடம் சொன்னாள். ஜெயசித்ரா முகம் வெளுத்தது. "எனக்கும் ஒரு மாதிரியாத்தான்க்கா இருக்கு. சார்கிட்ட நீங்களே கேட்டுருங்க. நான் கேட்டா ஏற்கெனவே இடைநிற்றல் எனக்குத்தான் ஜாஸ்தின்னு சொல்லுவாரு."

அடுத்த முறை ஜீப் வந்தபோது செங்கமலம் குழந்தையோடு அவர் முன்னால் போய் நின்றாள்.

"சார், பாப்பாவுக்குக் காது கேக்குதான்னு சந்தேகமா இருக்குங்க. திருச்சி பெரியாஸ்பத்திரிக்கு அழைச்சுட்டுப் போவலாமான்னு…"

இயக்குநர் குனிந்து, அபிநயாவின் முகத்துக்கு முன்னால் கையை ஆட்டி, "அபிநயா!" என்றார். அபிநயா அவரைப் பார்த்து நெற்றியில் கைவைத்துத் தலையைத் தாழ்த்தினாள்.

"கேக்குதே!" என்றார்.

"கைய ஆட்டாம கூப்பிட்டுப் பாருங்க சார்."

அவருக்கு இது அறிவியலில் தலையிடுவதாகப் பட்டது. இருந்தாலும் பெருந்தன்மையோடு டிரைவருக்குச் சைகை காட்டினார். டிரைவர் ஹாரனை நீளமாக அழுத்தினான். வேப்பமரத்துக் காக்கைகள் பறந்தன. கட்டியிருந்த ஆடுகள் கயிற்றை இழுத்தன. ஒரு கிழவர் காதைப் பொத்திக்கொண்டார். அபிநயா அம்மாவின் தாலிக்கயிற்றை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

இயக்குநர் கையைக் காட்டி ஹாரனை நிறுத்தச் சொன்னார்.

"கவனக்குவிப்பு" என்றார் இயக்குநர். குரல் தழுதழுத்தது. "வெளிநாட்டுல இதுக்கு வருஷக்கணக்குல தியானம் பண்றாங்கம்மா. உம் பொண்ணுக்கு நம்ம பாடத்திட்டத்துலயே வந்துருச்சு. இப்பப் போய் ஆஸ்பத்திரி, டெஸ்ட்டுன்னு கொழப்பிடாதே. மாநில விருதுக்கு உம் பொண்ணு பேருதான் போயிருக்கு. பாடம் முடியட்டும். முடிஞ்ச மறுநாள் மடை தொறந்த மாதிரி பேசுவா பாரு."

செங்கமலம் நம்பினாள். படித்தவர், ஜீப்பில் வந்தவர், மடை திறந்த மாதிரி என்று சொன்னவர். அவளுக்கும் அதை நம்பத்தான் ஆசையாக இருந்தது. விருது வந்தது; திருச்சியில் ஒரு மண்டபத்தில் பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு மேடையேறிய அபிநயா, வரிசையாக உட்கார்ந்திருந்த ஒவ்வொருவருக்கும் 'அதிகாரி' சொன்னாள். பாடமும் முடிந்தது. மறுநாள் வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. அஜித்குமார் வீதியில் நின்று ஐஸ் வண்டிக்காரனோடு பேரம் பேசுகிற அளவுக்கு வளர்ந்துவிட்டான். அபிநயா வாயைத் திறந்தால் காற்றும், எப்போதாவது ஒரு கரகரப்பான சத்தமும்தான் வந்தது.

2006 கடைசியில் செங்கமலம் யாரையும் கேட்காமல் பழனிவேலை அழைத்துக்கொண்டு திருச்சி பஸ் ஏறினாள்.

ஆஸ்பத்திரியில் குழந்தையின் தலையில் ஒயர்களை ஒட்டி, தூங்க வைத்து, ஏதோ பார்த்தார்கள். டாக்டரம்மாவுக்குச் சின்ன வயதுதான். கனிவாகத்தான் சொன்னார்.

"ரெண்டு காதும் பிறவியிலேயே கேக்கலம்மா. மெஷின் வச்சுப் பழக்கலாம். ஆனா சீக்கிரம் வந்திருக்கணும். ஆறு மாசம், ஒரு வயசுலயே வந்திருந்தா எவ்வளவோ பண்ணியிருக்கலாம். ரெண்டரை வயசு வரைக்கும் என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க?"

"பேச்சு வரக்கூடாதுன்னு பாத்துக்கிட்டிருந்தோம்ங்க" என்றாள் செங்கமலம்.

டாக்டரம்மாவுக்கு அது புரியவில்லை. வெளியே வந்து வராந்தாவில் உட்கார்ந்தார்கள். பழனிவேல் ரொம்ப நேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் வண்டிய நிறுத்துனதும் ஓடியாருவாளே. 'அப்பா வந்துட்டேன்டா'ன்னு கத்துவேன், ஓடியாருவாளே."

"வண்டி அதிர்றது தெரிஞ்சிருக்கும்ங்க. தரையில."

"அப்ப என் கொரல அவ கேட்டதே இல்லியா?"

அவன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். அபிநயா துண்டை விலக்கிப் பார்த்துவிட்டு, தோளைத் தொட்டுக் காட்டினாள். பசி.

அதைப் பார்த்ததும்தான் செங்கமலத்துக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. காது இல்லாவிட்டால் என்ன, கை இருக்கிறதே. கையால் பேசச் சொல்லித்தருவதற்கென்றே ஒரு அலுவலகமும் ஜீப்பும் மாவட்டத்தில் இருக்கிறதே. அந்த அலுவலகம் அபிநயாவுக்காகவே கட்டப்பட்டதுபோல் அவளுக்குத் தோன்றியது. மறுநாள் காலையிலேயே குழந்தையோடு பெரம்பலூர் போய்விட்டாள்.

இயக்குநர் ஆஸ்பத்திரித் தாளைப் படித்தார். திருப்பி வைத்துவிட்டு அபிநயாவைப் பார்த்தார். அபிநயா நெற்றியில் கைவைத்தாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஏம்மா இதை முன்னாடியே சொல்லல?"

"சொன்னேனே சார். ஹாரன்கூட அடிச்சீங்களே."

"அத விடு. இது எவ்வளவு பெரிய மோசடி தெரியுமா? காது கேக்காத கொழந்தைய காது கேக்குற கொழந்தைன்னு சொல்லி மாநில விருது வாங்கியிருக்கீங்க."

செங்கமலம் ஆஸ்பத்திரித் தாளை எடுத்து மடித்துக்கொண்டாள். "விருத எடுத்துக்குங்க சார். பாப்பாவுக்கு மேற்கொண்டு கை சொல்லிக்குடுத்தாப் போதும். இனிமே அவளுக்கு அதுதான பேச்சு" என்றாள்.

இயக்குநர் பொறுமையாக விளக்கினார். "இங்க பாரும்மா. நம்ம இயக்ககம் பேசப் போற கொழந்தைகளுக்கு. பேச முடியாத கொழந்தைகளுக்கு இல்ல. பேசப் போற கொழந்தை சைகை பண்ணுனா அது சாதனை. காது கேக்காத கொழந்தைக்குச் சைகை சொல்லிக்குடுக்கிறதுல என்ன புதுமை இருக்கு? எவன் வந்து போட்டோ எடுப்பான்?"

"அப்ப அவளுக்கு யாரு சார் சொல்லிக்குடுப்பா?"

"அது வேற துறை."

"எங்க சார் இருக்கு அந்தத் துறை?"

"அதெல்லாம் எனக்கு எப்படிம்மா தெரியும்? வேற துறைன்னு சொல்றேனே."

பேருந்து நிலையப் பலகையில் அபிநயாவின் முகத்தின்மேல் அறிவழகனின் உறவுக்காரக் குழந்தையின் முகத்தை ஒட்டினார்கள். பட்டுப்பாவாடை அபிநயாவுடையதாகவே இருந்தது. பழனிவேல் அதன்பிறகு அந்தப் பக்கமாக வண்டி ஓட்டவில்லை.

அதோடு விட்டிருந்தால்கூட செங்கமலம் தன் பாட்டுக்குப் போயிருப்பாள். ஆனால் தணிக்கை என்று ஒன்று வந்தது. தகுதியில்லாத பயனாளிக்கு வழங்கப்பட்டவை அனைத்தையும் திரும்பப் பெற வேண்டும் என்பது விதி. தகுதியில்லாத பயனாளிக்கு வழங்கப்பட்டவை என்னவென்று பார்த்தால், சைகைகள்தான் இருந்தன. தையல் மெஷினைத் திரும்பப் பெற்ற அனுபவம் அலுவலகத்தில் பலருக்கு இருந்தது. சைகையை எப்படித் திரும்பப் பெறுவது என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் இயக்குநரே ஒரு வழி கண்டுபிடித்தார். மறப்புப் பயிற்சி.

ஜெயசித்ரா சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தாள். அவளைக் கண்டதும் அபிநயா ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொண்டு, கற்றுக்கொண்ட எல்லாச் சைகைகளையும் வரிசையாகச் செய்து காட்டினாள். ஜெயசித்ரா தலையைக் குனிந்துகொண்டாள்.

"என்ன ஜெயா, திரும்ப வந்துட்ட?"

"சொல்லவே வாய் வரலக்கா. பாப்பாவுக்குச் சொல்லிக்குடுத்ததையெல்லாம் மறக்கடிக்கணுமாம்."

"எப்படி?"

"அவ சைகை பண்ணுனா யாரும் கண்டுக்கக் கூடாதாம். எதுவும் நடக்கலேன்னா தானா விட்டுருவாளாம்."

"பசிக்குதுன்னு தோளத் தொட்டா?"

"பாக்காத மாதிரி இருக்கணும்க்கா."

"எத்தன நேரம்?"

"மறக்குற வரைக்கும்னு போட்டிருக்கு."

செங்கமலம் வீட்டுக்குள் போனாள். ஒரு தட்டில் சோறு போட்டுக் கொண்டுவந்து மகளுக்கு முன்னால் வைத்தாள். பிறகு வெளியே வந்து ஜெயசித்ராவின் சைக்கிளை எடுத்து, ரோட்டைப் பார்க்கத் திருப்பி நிறுத்தினாள்.

"உம்மேல கோவம் இல்ல ஜெயா. நீ போயி உங்க சார்கிட்ட சொல்லு. சைகை வேணும்னா அவரையே வந்து அவ கையிலேருந்து புடுங்கிக்கிட்டுப் போவச் சொல்லு. நான் அருவாமணையோட ஒக்காந்திருக்கேன்."

ஜெயசித்ரா, 'அபிநயா மறந்துவிட்டாள்' என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டாள். கொஞ்ச நாளில் வேலையையும் விட்டுவிட்டு, கல்யாணம் செய்துகொண்டு லப்பைக்குடிக்காட்டில் ஒரு போன் கடையில் சேர்ந்தாள் என்று கேள்வி.

டாக்டரம்மா சொன்ன அடையாளத்தை வைத்துச் செங்கமலம் திருச்சியில் காது கேளாத பிள்ளைகளுக்கான ஒரு பள்ளிக்கூடத்தைக் கண்டுபிடித்தாள். வாரா வாரம் குழந்தையோடு போனாள். பஸ்ஸிலேயே பாதி நாள் போய்விடும். அங்கே லீலாவதி என்று ஒரு டீச்சர். அவருக்கும் காது கேட்காது. முதல் நாள் அபிநயா தோளைத் தொட்டுக் காட்டியதும், குழந்தைக்குத் தோளில் வலி என்று நினைத்துத் தைலம் தேய்த்துவிட்டார். இயக்ககத்தின் சைகைகளை உலகத்தில் இயக்ககத்தைத் தவிர யாருக்கும் தெரியாது என்பது அன்றுதான் செங்கமலத்துக்குத் தெரிந்தது. அம்மாவும் மகளும் முதலிலிருந்து தொடங்கினார்கள்.

வேகமாகவே வந்தது. ஆறேழு மாதத்தில் அபிநயா கையால் கேள்வி கேட்டாள், அடம் பிடித்தாள், கோள் சொன்னாள், அஜித்குமாரைப் பற்றி இல்லாததையும் பொல்லாததையும் சொன்னாள். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்கள் பரிதாபப்பட்டு 'உச்' கொட்டுவார்கள். அந்த நேரத்தில் அவர்களுடைய மூக்கைப் பற்றித்தான் தாயும் மகளும் பேசிக்கொண்டிருப்பார்கள்.

2007 நவம்பரில் அரியலூர் மறுபடியும் தனி மாவட்டமானது. முன்னால் ஒருமுறை தனியாகி, பெரம்பலூரோடு திரும்பச் சேர்ந்து, இப்போது மறுபடி பிரிந்தது; செங்கமலத்தின் ஊரும் அரியலூர்ப் பக்கம் போனது. மாவட்டம் இரண்டானால் இயக்ககமும் இரண்டாக வேண்டும். அரியலூர் அலுவலகத் தொடக்க விழாவுக்கு நாள் குறித்தார்கள். சென்னையிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வருவதாக இருந்தது. விழாவில் ஊனமுற்றோர் பங்கேற்பு கட்டாயம் என்று மேலிடத்திலிருந்து ஒரு வரி வந்திருந்தது. இயக்குநர் யோசித்தார். அவருக்குத் தெரிந்த ஊனமுற்ற குழந்தை ஒன்றுதான்.

ஜீப் வந்து வாசலில் நின்றது. தரை அதிர்ந்ததும் அபிநயா வெளியே ஓடிவந்தாள்.

"அபிநயாக் குட்டி! எங்க இயக்ககத்தோட செல்லம்!" என்று இயக்குநர் இறங்கினார். செங்கமலத்தைப் பார்த்து, "பழசையெல்லாம் மனசுல வச்சுக்காதம்மா. கொள்கை மாறிடுச்சு. இப்ப காது கேக்காததுதான் தகுதி" என்றார்.

"வர்றோம் சார். ஆனா ஒண்ணு. வாரா வாரம் திருச்சிக்கு அலைய முடியல. அரியலூர்ல இந்தப் பிள்ளைங்களுக்குக் கைமொழி சொல்லிக்குடுக்க ஒரு டீச்சர் போடணும். அத அந்தப் பெரியவர்கிட்ட மேடையில நானே கேக்கணும்."

"தாராளமா கேளு. ரெண்டு நிமிஷம் மைக்க உங்கிட்டயே குடுத்துடறேன்."

இதற்குள் அபிநயா அம்மாவின் புடவையை இழுத்து, யார் இவர் என்று கையால் கேட்டாள்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒவ்வொருவருக்கும் கையால் ஒரு பெயர் உண்டு. கன்னத்தில் மச்சம் இருந்தால் மச்சத்தைத் தொட்டுக் காட்டுவது பெயர்; சுருட்டை முடி என்றால் விரலைச் சுருட்டுவது பெயர். ஆளைப் பார்த்து, குணத்தைப் பார்த்து வைக்கிற பெயர்கள். செங்கமலம் இயக்குநரை ஒருமுறை நிதானமாகப் பார்த்தாள். பிறகு ஆள்காட்டி விரலை மடக்கி வாயோரத்தில் வைத்து இரண்டு தடவை திருகிக் காட்டினாள். புளுகன்.

அபிநயாவுக்கு அது பிடித்துவிட்டது. இயக்குநருக்கு நேராகப் போய் நின்று, அவரைச் சுட்டிக்காட்டி, வாயோரத்தில் விரலைத் திருகி, கன்னம் குழியச் சிரித்தாள்.

"என்னம்மா சொல்றா?"

"உங்க பேரு சார்."

"எனக்குப் பேரா!" இயக்குநர் நெகிழ்ந்துபோனார். அவரும் வாயோரத்தில் விரலை வைத்துத் திருகினார். "இப்படியா? சரியா வருதா?"

"ரொம்பச் சரியா வருது சார்" என்றாள் செங்கமலம்.

விழா, அரியலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. பங்கேற்புக்காக வேன் வைத்து, காது கேளாத ஆண்களையும் பெண்களையும் பல ஊர்களிலிருந்து அழைத்துவந்து கடைசி வரிசைகளில் உட்கார்த்தி வைத்திருந்தார்கள். அவர்களுக்கு என்ன நடக்கிறது என்று சொல்வதற்கு ஆள் வைக்கவில்லை. அதற்குப் பதிலாக ஒலிபெருக்கியை அவர்கள் பக்கமாகத் திருப்பி வைத்திருந்தார்கள்.

பேச்சுகள் நீண்டன. சென்னை அதிகாரி, மௌனத்தின் மகத்துவத்தைப் பற்றி நெடுநேரம் பேசினார். செங்கமலம் மேடையின் ஓரத்தில் மகளோடு நின்றாள். கேட்க வேண்டியதை மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அவள் முறை வந்தபோது, விழாத் தொகுப்பாளர், "நேரமின்மை கருதி" என்று ஆரம்பித்தார். செங்கமலம் இயக்குநரைப் பார்த்தாள். அவர் அவளுக்குக் கும்பிடு போட்டுவிட்டு மைக்கைத் தானே வாங்கிக்கொண்டார்.

"மாண்புமிகு பெரியோர்களே! இந்தச் சிறுமி அபிநயா, நமது இயக்ககத்தின் கண்டுபிடிப்பு. இவளுக்குக் காது கேளாது என்பதை முதன்முதலில் ஹாரன் அடித்துக் கண்டறிந்தவன் நான். அன்றிலிருந்து இவளை ஒரு நாளும் கைவிட்டதில்லை. இவளுடைய மொழியை எனது உயிர்மொழியாகப் போற்றிவருகிறேன். அந்த நன்றிக்கடனுக்காக இந்தக் குழந்தை எனக்கு ஒரு பெயர் சூட்டியிருக்கிறது. காதுகேளாத அன்பர்களே, உங்கள் மொழியிலேயே என்னை அறிமுகம் செய்துகொள்கிறேன்!"

அவர் முன்னால் வந்து, தன் மார்பைத் தொட்டுக் காட்டி, வாயோரத்தில் விரலை வைத்துத் திருகினார். தெளிவாக, அழுத்தமாக, எல்லாத் திசைகளுக்கும் திரும்பித் திரும்பிச் செய்தார்.

கடைசி வரிசைகளில் காலையிலிருந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"அனைவரும் எழுந்து ஒருமுறை!" என்றார் இயக்குநர்.

சென்னை அதிகாரி எழுந்தார். மேடை முழுவதும் எழுந்தது. எல்லோரும் தத்தம் மார்பைத் தொட்டுவிட்டு, வாயோரத்தில் விரலை வைத்துத் திருகினார்கள்.

காது கேளாதவர்கள் சிரிப்பை அடக்கிச் சிரிப்பதில்லை. தங்கள் சத்தம் எவ்வளவு என்று அவர்களுக்குத் தெரியாது. மண்டபம் அதிர்ந்தது. ஒருவர் நாற்காலியிலிருந்து வழுக்கிக் கீழே உட்கார்ந்துவிட்டார். ஒரு பெண் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே பக்கத்திலிருந்தவளின் முதுகில் அடித்தாள். "பாருங்கள், எத்தனை மகிழ்ச்சி!" என்று இயக்குநர் மைக்கில் சொன்னார். புகைப்படக்காரர்கள் இரண்டு பக்கத்தையும் எடுத்தார்கள்.

கூட்டம் கலைந்ததும் நாற்காலியிலிருந்து வழுக்கியவர் செங்கமலத்தைத் தேடிக்கொண்டு வந்தார். அவர் பெயர் உத்திராபதி. அரியலூர்க் கடைவீதியில் மனைவி ஜோதியோடு தையல் கடை வைத்திருப்பவர். இருவருக்குமே காது கேட்காது. இந்தப் பெயரை வைத்தது யார் என்று கையால் கேட்டார். அபிநயா அம்மாவைக் காட்டிக்கொடுத்தாள். உத்திராபதி செங்கமலத்துக்கு இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டார். பிறகு அபிநயாவுக்கு எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அவளோடு பேச ஆரம்பித்தார். ஜோதியும் சேர்ந்துகொண்டாள். வேனில் ஏற வேண்டியவர்கள் ஒவ்வொருவராக வந்து சுற்றி நின்றார்கள். வேன் டிரைவர் ஹாரனை அடித்து அடித்துப் பார்த்துவிட்டு, டீ குடிக்கப் போய்விட்டான்.

அரியலூருக்கு டீச்சர் யாரும் போடப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் உத்திராபதியின் கடையை மூடிவிட்டு, வெட்டுத் துணிகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, சுற்றுவட்டாரப் பிள்ளைகள் அங்கே கூடுகிறார்கள். அபிநயா அங்கே பெரிய வாயாடி. செங்கமலத்தால் பல நேரம் அவள் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடிவதில்லை.

முனைவர் அறிவழகனுக்கு இரண்டு மாவட்டப் பொறுப்பும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது. எந்த விழாவுக்குப் போனாலும் முதலில் தன் கைப்பெயரைச் சொல்லிவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குகிறார். காது கேளாதவர்கள் அவரைத் தெருவில் பார்த்தால் பஸ்ஸை நிறுத்திக்கூட இறங்கிவந்து, அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். அவரும் ஜீப்பை நிறுத்தி, ஆமாம், நான்தான் என்று சொல்லிவிட்டுப் போகிறார்.